நெடும்போரும் பிறப்பு வீதமும்: போர் ஒரு நாட்டின் குடும்பங்களை என்ன செய்தது என்று கண்டறியும் முறை

உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டில் பிறப்பு கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவர், பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார். கம்போடியாவில் 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை நீடித்த, கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கத்தின் ஆட்சிக் காலத்தில் பிறப்பு கடுமையாகச் சரிந்தது. ஆட்சி வீழ்ந்த கையோடு வேகமாக மீண்டது. அங்கோலாவில் 1975 முதல் 2002 வரை போர் நடந்தும், 2015–16இல் எடுக்கப்பட்ட மாதிரி ஆய்வில் ஒரு பெண்ணுக்கு 6.2 குழந்தைகள் என்ற கணக்கே வந்தது. நேபாளத்தில் மாவோயிஸ்ட் கிளர்ச்சி 1996இல் தொடங்கி 2006இல் முடிந்தது; அந்தப் பத்தாண்டுகளில் அதே எண் 4.6இலிருந்து 3.1ஆக இறங்கியது. மூன்றும் உண்மை. ஆனால், இவற்றில் எவ்வளவு போரின் வேலை, எவ்வளவு வேறு காரணங்களின் வேலை என்பது எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதைப் பிரித்தறியும் முறையை ஆய்வு மாணவர்களுக்கும், செய்தி எழுதுவோருக்கும், மறுவாழ்வுத் திட்டங்களில் பணியாற்றுவோருக்கும் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

முதலில் காலக்கோடு

எந்தப் புள்ளிவிவரத்தையும் தொடுவதற்கு முன், ஒரு தாளில் அந்தப் போரின் காலக்கோட்டை மாவட்ட வாரியாக வரைந்துகொள்ள வேண்டும். இருபது ஆண்டுப் போர் என்றால் இருபது ஆண்டும் எல்லா ஊரிலும் குண்டு விழுந்தது என்று பொருளில்லை. முற்றுகை, பெருந்தாக்குதல், கூட்டமான இடப்பெயர்வு, இழுபறியான அமைதி, போர்நிறுத்தம், மீள்குடியேற்றம் என ஒவ்வொன்றும் குடும்ப வாழ்க்கையை வெவ்வேறு விதத்தில் தொடுகிறது. ஒரு மாவட்டம் முற்றுகையில் இருக்கும்போது அடுத்த மாவட்டத்தில் திருமணங்கள் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கலாம். இரண்டையும் கூட்டி எடுத்த நாட்டுச் சராசரி இரண்டு ஊரின் நிலையையும் சொல்லாது.

அந்தக் கோட்டின் கீழே ஒன்பது மாதம் தள்ளி இன்னொரு கோடு போட வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு பகுதி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள் என்றால், அதன் தடம் பிறப்புப் பதிவேட்டில் டிசம்பரில்தான் தெரியத் தொடங்கும். அதற்கு முன் பிறந்த குழந்தைகள் எல்லாம் வீட்டில் இருந்த காலத்தில் கருவானவை. எளிய கணக்குத்தான். இருந்தும், ‘சண்டை தொடங்கிய ஆறு மாதத்திலும் பிறப்பு குறையவே இல்லை’ என்று வியந்து எழுதப்பட்ட அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

காலக்கோட்டை முன்னோக்கியும் நீட்ட வேண்டும். கம்போடியா 1962க்குப் பிறகு 1998இல்தான் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன் வயதுப் பட்டியலை வரைபடமாக்கினால் இருபது வயதையொட்டிய இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். 1975–79இல் பிறந்திருக்க வேண்டியவர்களும், பிறந்து பிழைக்காமல் போனவர்களும் விட்டுச்சென்ற வெற்றிடம் அது. ஆண்களின் இழப்பும் அதே கணக்கெடுப்பில் பதிந்திருக்கிறது: 100 பெண்களுக்கு 93 ஆண்கள்.

வகுக்கும் எண்ணைச் சந்தேகியுங்கள்

பிறப்பு வீதம் என்று செய்திகளில் வருவது, மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு ஓராண்டில் எத்தனை பிறப்பு என்ற கணக்கு. அமைதிக் காலத்தில் இது ஓரளவுக்குப் போதும், போர்க்காலத்தில் ஏமாற்றும். ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 1,00,000; ஆண்டுப் பிறப்பு 3,000; வீதம் ஆயிரத்துக்கு 30. போரில் 15,000 ஆண்கள் வெளியேறுகிறார்கள், அல்லது இறக்கிறார்கள். பிறப்பு 2,800ஆகக் குறைகிறது. இப்போது 85,000 பேருக்கு 2,800 என்றால் வீதம் கிட்டத்தட்ட 33. பிறந்த குழந்தைகள் குறைந்திருக்க, வீதமோ ஏறியிருக்கிறது. அதே மாவட்டத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் 25,000 பேர் என்று வைத்து, ஆயிரம் பெண்களுக்கு எத்தனை பிறப்பு என்று பார்த்தால் 120இலிருந்து 112ஆக இறங்கியிருப்பது தெரியும். ஆகவே கூடுமானவரை பெண்களை வகு எண்ணாகக் கொண்ட கணக்கையே பயன்படுத்த வேண்டும். வயது வாரியான பிறப்பு வீதங்களைக் கூட்டி, ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவார் என்று சொல்லும் மொத்தக் கருவள வீதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

வகு எண் இருந்தால்தானே வகுக்க முடியும்? லெபனானில் கடைசி அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு 1932இல் நடந்தது. ஆப்கானிஸ்தானில் 1979இல் தொடங்கியதே முழுமை பெறவில்லை. அங்கோலாவில் 1970க்குப் பிறகு 2014. இலங்கையில் 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012இல்தான் சாத்தியமாயிற்று. இடையில் 2001இல் நடந்தது 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக முடிந்தது. 2006–07இல் அங்கு எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வில் வட மாகாணம் சேரவில்லை. ஒரு நாட்டின் கருவள வீதம் என்று அச்சிடப்பட்டிருக்கும் எண்ணின் கீழே, சண்டை கடுமையாக நடந்த பகுதி சேர்க்கப்படவில்லை என்ற அடிக்குறிப்பு பொடி எழுத்தில் இருக்கக்கூடும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் எண்ணை எடுத்தாள்வது, நோயாளி வராத நாளில் மருத்துவமனையை எண்ணிப் பார்த்து ஊரில் நோயில்லை என்பதற்கு ஒப்பாகும்.

பிறப்புப் பதிவேடும் இப்படித்தான். பதிவு அலுவலகம் மூடப்பட்டிருந்தால் குழந்தைகள் பிறக்காமல் இருப்பதில்லை, பதிவாகாமல் இருக்கிறார்கள். சண்டை ஓய்ந்த ஆண்டில் பதிவு திடீரென்று எகிறினால், அது புதிதாகப் பிறந்தவர்களின் எண்ணிக்கையா, நிலுவையில் இருந்த பழைய குழந்தைகளுக்குச் சான்றிதழ் வாங்கியதா என்று பிறந்த தேதியை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போர் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது?

முழு வேலையின் நடுநாயகம் இந்தப் படிதான். போர் நேரடியாகப் பிறப்பைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. இடையில் ஏதோ ஒன்றை மாற்றி, அதன் வழியாகவே மாற்றுகிறது. கிங்ஸ்லி டேவிஸ், ஜூடித் பிளேக் என்ற சமூகவியலாளர்கள் இருவரும் 1956இல் இத்தகைய இடைக் காரணிகள் பதினொன்றைப் பட்டியலிட்டார்கள். ஜான் பொங்கார்ட்ஸ் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1978இல் அவற்றைச் சுருக்கி, திருமணம், கருத்தடை, கருக்கலைப்பு, பேறுகாலத்துக்குப் பின் கருத்தரியாத காலம் ஆகியவற்றை முதன்மையாக நிறுத்தினார். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

திருமணத்தில் போரின் கை இரண்டு பக்கமும் இழுக்கிறது. மாப்பிள்ளை வயதில் உள்ள ஆண்கள் போர்முனையிலோ சிறையிலோ வெளிநாட்டிலோ இருக்கும்போது பெண்களின் திருமணம் தள்ளிப்போகிறது. சிலருக்கு நடக்காமலே போகிறது. மறுபுறம், பாதுகாப்புக்கு அஞ்சியே பெற்றோர் பெண்ணைச் சிறுவயதில் கட்டிக்கொடுக்கிறார்கள். ஜோர்தானில் பதிவான சிரியர்களின் திருமணங்களில் 18 வயதுக்குட்பட்ட பெண்களின் பங்கு 2011இல் 12 விழுக்காடாக இருந்து 2013இல் 25 விழுக்காடாக உயர்ந்தது என்று யுனிசெப் காட்டியது. இலங்கையின் வன்னியில் போரின் இறுதி ஆண்டுகளில், மணமானவர்களைக் கட்டாய ஆட்சேர்ப்பு தவிர்க்கும் என்ற நம்பிக்கையில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் திருமணம் செய்துவைத்த குடும்பங்கள் பல. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜோர்தானின் எண் பதிவான திருமணங்களுக்குள் ஒரு பங்கைச் சொல்கிறதே தவிர, சிரியச் சிறுமிகள் அனைவரிலும் எத்தனை பேர் மணமானார்கள் என்று சொல்லவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்களா என்பது அடுத்த வாசல். ‘திருமணமானவர்’ என்ற ஒற்றைச் சொல் இதை மறைத்துவிடும். எரித்ரியாவில் மொத்தக் கருவள வீதம் 1995இல் 6.1, 2002இல் 4.8. இடையில் 1998–2000இல் எத்தியோப்பியாவுடன் நடந்தது எல்லைப் போர்தான், உள்நாட்டுப் போரன்று. ஆனாலும் ஆண்கள் பெருந்தொகையாகப் படைப்பணிக்கு அழைக்கப்பட்டதும், திருமணங்கள் தாமதமானதும் பிறப்பை எப்படிக் குறைக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று குறைவு. ஆகவே மணநிலை பற்றிய கேள்வியோடு, ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் கணவர் எத்தனை மாதம் வீட்டில் இருந்தார்?’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கருத்தடை பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையும் ஊசியும் கிடைக்கும் வழி அறுந்தால் வேண்டாத கருத்தரிப்பு கூடும். முகாமில் தாய்சேய் நலச் சேவை கிடைத்தால், முன்பு சேவையே எட்டாத கிராமத்துப் பெண்ணுக்கு அது முதல்முறையாகக் கிட்டவும் கூடும். முகாம் என்றாலே பிறப்பு கூடும் என்ற முன்முடிவை இதனால்தான் கைவிட வேண்டும்.

பசியும் தாய்ப்பாலும் உடலின் வாசல்கள். கடும் பட்டினியில் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது. கம்போடியாவின் சரிவில் இதற்கும், குடும்பங்களைப் பிரித்து வேலைப்படைகளில் வைத்ததற்கும் பங்கு உண்டு. இதற்கு நேர்மாறான வழியும் இருக்கிறது. பாலூட்டும் தாய்க்குக் கருத்தரிப்பு இயல்பாகவே தள்ளிப்போகும். கைக்குழந்தை இறந்து பாலூட்டல் நின்றால் அடுத்த கரு விரைவில் உருவாகிவிடும். குழந்தை இறப்பு மிகுந்த போர்ப்பகுதியில் பிறப்பு இடைவெளி சுருங்குவதற்கு, ‘இழந்த பிள்ளைக்கு ஈடாக இன்னொன்று’ என்ற பெற்றோரின் எண்ணம் மட்டுமல்லாமல் இந்த உடலியல் காரணமும் உண்டு. எண்ணம் இல்லை என்றும் சொல்ல முடியாது: 1994 இனப்படுகொலைக்குப் பிந்திய ருவாண்டாவைப் பற்றி 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அதன் பின் கூடுதலாகப் பெற்றதையும், ஆண்கள் குறைந்துபோன பகுதிகளில் முதல் சில ஆண்டுகள் பிறப்பு குறைந்ததையும் ஒருசேரக் காட்டியது. ஒரே நாட்டில், ஒரே நிகழ்வு, இரண்டு எதிர்த்திசைகள். நாட்டு அளவில் மொத்தக் கருவள வீதம் 1992இல் 6.2, 2000இல் 5.8, 2005இல் 6.1 என்று பெரிய அசைவில்லாமல் நின்றதாகத் தோன்றுவதன் பின்னால் இப்படிப்பட்ட இழுபறிகள் கிடக்கின்றன.

ஒரு வீட்டில் உட்கார்ந்து கேட்பது

வாசல்களைப் பிரித்தறிய ஒரு பெண்ணின் பேறு வரலாற்றை முதல் குழந்தையிலிருந்து வரிசையாகக் கேட்டு எழுதுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு வீடு இது. ‘எத்தனை பிள்ளைகள்?’ என்ற கேள்விக்கு அந்த அம்மா மூன்று என்கிறார். வரிசையாகக் கேட்டால் நான்கு பேறுகள் வருகின்றன: 1990, 1992, 1997 பிப்ரவரி, 1998 மார்ச். மூன்றாவது குழந்தை இரண்டு மாதத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டது. அதனால் முதல் பதிலில் அது வரவில்லை. 1992க்கும் 1997க்கும் இடையிலுள்ள ஐந்தாண்டு இடைவெளியைப் பார்த்து, குடும்பக் கட்டுப்பாடு செய்திருப்பார் என்று முடிவுகட்டத் தோன்றும். கேட்டால், கணவர் நாலு வருடம் தடுப்புக்காவலில் இருந்திருக்கிறார். கடைசி இரண்டு பேறுகளுக்கு நடுவே பதின்மூன்று மாதம்தான். பால் நின்றதன் விளைவு அது. மூன்று என்ற ஒரே எண்ணுக்குள் பிரிவு, சாவு, உடல் என மூன்று வாசல்களும் இருந்தன.

ஆண்டு நினைவில்லாதவர்களிடம் தேதியைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது. அந்த ஊரின் காலக்கோட்டை முன்னரே தயாரித்து வைத்திருந்தால், ‘இரண்டாவது தடவை ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது இந்தப் பிள்ளை கைக்குழந்தையா, நடந்ததா?’ என்று கேட்கலாம். பதில் பெரும்பாலும் சில மாத வித்தியாசத்துக்குள் சரியாக வந்துவிடும். முதலில் வரையச் சொன்ன தாளின் இரண்டாவது பயன் இது. இறந்த பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போது வீட்டில் வேறு யாரும் அருகில் இல்லாதிருப்பது நல்லது. வன்முறையால் உண்டான கருவைப் பற்றி, உதவி செய்ய வழியில்லாத ஓர் ஆய்வாளர் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. அந்தத் தகவல் தாய்க்கும் பிள்ளைக்கும் ஊருக்குள் என்ன விளைவைக் கொண்டுவரும் என்று கணக்கிட எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இந்த முறைக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உயிரோடு இருக்கும் பெண்கள்தான் பேச முடியும். குழந்தைகளோடு தாயும் இறந்த வீடுகளின் கதை எந்தப் பேறு வரலாற்றிலும் சேராது. ஆகவே கிடைக்கும் குழந்தை இறப்பு எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எழுதிவைக்க வேண்டும். வெளிநாடு போனவர்களும் இப்படியே விடுபடுவார்கள்.

பிறப்புக்கு அப்பால்: வீட்டில் யார் இருக்கிறார்கள்

குடும்பத்தைப் பிறப்பு எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் பாதிக்கதை போய்விடும். வீட்டு உறுப்பினர் பட்டியலைத் திறந்து, தலைவர் யார், பிள்ளைகளின் தாய் தந்தை இருவரும் உடன் இருக்கிறார்களா, பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் மட்டும் வளர்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ருவாண்டாவில் படுகொலைக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பத்துக்குப் பெண்ணே தலைமை தாங்கினார். கைம்பெண்களும் மகள்களும் நிலத்தைக் கைவசம் வைத்திருக்கச் சட்ட உரிமை இல்லாதது பெருஞ்சிக்கலாகி, 1999இல் மகள்களுக்கும் வாரிசுரிமை தரும் சட்டம் வந்தது. எல் சல்வடோரில் 1980–1992 போரில் பெற்றோரிடமிருந்து பிரிந்துபோன பிள்ளைகளைத் தேடுவதற்கென்றே 1994இல் புரோ-புஸ்கெடா என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இவர்கள் பிறப்புக் கணக்கிலும் சேர்வார்கள், உயிரோடிருப்போர் கணக்கிலும் சேர்வார்கள், ஆனால் பெற்ற வீட்டின் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

மணநிலைக் கட்டத்தில் ‘மணமானவர்’, ‘கைம்பெண்’, ‘விலகியவர்’ என்ற மூன்று விடைகள் மட்டும் இருந்தால், காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி எதில் குறியிடுவார்? கைம்பெண் என்று எழுதினால் கணவர் இறந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகும். மணமானவர் என்றால் உதவித்தொகை கிடைக்காது. இப்படி முடிவு தெரியாத பிரிவையே பாலின் பாஸ் என்ற உளவியலாளர் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு விளக்கினார். மறுமணம், சொத்து மாற்றம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை ஆகிய எல்லாம் இந்த ஒரு கட்டத்தில் சிக்கி நிற்கும். இலங்கையில் 2016இல் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் வழங்கச் சட்டம் திருத்தப்பட்டது இதற்காகத்தான். நீங்கள் தயாரிக்கும் படிவத்தில் இவர்களுக்கென்று நான்காவது கட்டம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பதிவிலும் இதே முடிச்சு: சிரியச் சட்டத்தில் குடியுரிமை தந்தை வழியே வருவதால், திருமணச் சான்றும் தந்தையும் இல்லாமல் அகதியாகப் பிறந்த குழந்தை எந்நாட்டுக் குடிமகனும் அல்லாமல் போகும் அபாயம் இருக்கிறது.

போர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி ஒப்பீடு. நேபாளத்தில் 1996–2006இல் கண்ட சரிவுக்குத் திரும்புவோம். அதே பத்தாண்டுகளில் பெண்கல்வி கூடியது, ஆண்கள் லட்சக்கணக்கில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றார்கள், 2002இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. போர் முடிந்த பின்னும் எண் ஏறவில்லை, 2011இல் 2.6ஆக மேலும் இறங்கியது. போர்தான் குறைத்தது என்றால் போர் போனதும் கொஞ்சமாவது மீண்டிருக்க வேண்டாமா? ஆகவே போருக்கு முன்பிருந்த போக்கை நீட்டி வரைந்து பார்ப்பதும், சண்டை கடுமையாக நடந்த மாவட்டத்தை, கல்வியிலும் தொழிலிலும் அதை ஒத்த, சண்டை எட்டாத மாவட்டத்தோடு ஒப்பிடுவதும் தவிர்க்கக் கூடாதவை.

தள்ளிப்போட்ட பிறப்பு வேறு, இழந்த பிறப்பு வேறு என்பதையும் இங்கேதான் பிரிக்க வேண்டும். கணவர் திரும்பியதும் பெற்றுக்கொண்ட குழந்தை தள்ளிப்போட்டது. முப்பத்தெட்டு வயதில் பிரிந்த கணவர் நாற்பத்தாறு வயதில் திரும்பினால் அது பெரும்பாலும் இழந்ததே. ஓராண்டு வீதம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. போர்க்காலத்தில் இளவயதில் இருந்த பெண்கள் 45 வயதைக் கடந்தபின் அவர்கள் மொத்தம் எத்தனை பெற்றார்கள் என்று எண்ணினால்தான் தெரியும். அதற்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால் பலரும் இதைச் செய்வதில்லை.

அறிக்கையில் வாக்கியம் எழுதும்போது

‘போரால் பிறப்பு வீதம் 20 விழுக்காடு குறைந்தது’ என்று எழுதும் இடத்தில் கை நிற்க வேண்டும். எந்த வீதம், எந்த மாவட்டங்கள், எந்த ஆண்டுகள், யார் கணக்கில் இல்லை, எந்த வாசல் வழியாக என்ற ஐந்துக்கும் விடை அந்த வாக்கியத்தில் இல்லை. அதே செய்தியை இப்படி எழுதலாம்: ‘முற்றுகையில் இருந்த மூன்று மாவட்டங்களில், 15–49 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கான பிறப்பு, முற்றுகை தொடங்கிய ஒன்பதாம் மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது, அக்காலத்தில் மணமான பெண்களில் பாதிப்பேரின் கணவர் வீட்டில் இல்லை, வெளிநாடு சென்ற குடும்பங்களும் தாய் இறந்த குடும்பங்களும் இக்கணக்கில் சேரவில்லை.’ வாக்கியம் நீளம்தான். பதிப்பாசிரியர் வெட்டச் சொன்னால், கடைசிப் பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.